ஒரே பாட்டு, நான்கு லேபிள்: 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் முதல் பதிவுகளில் ஏன் இவ்வளவு குழப்பம்?

1960களின் டெக்சஸ் ராக் குழுவான 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் பெயரைக் கேள்விப்பட்டு, சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று தேடுகிறவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே திணறிப்போவார். முதல் ஆல்பம் மோனோவிலும் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) கிடைக்கிறது, ஸ்டீரியோவிலும் (இடம், வலம் என்று இரண்டு தடத்தில்) கிடைக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி கேட்கவில்லை. 'லைவ்' என்று ஓர் ஆல்பம் இருக்கிறது, அது லைவே கிடையாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். குழுவின் ஒரே ஹிட் பாட்டான 'யூ ஆர் கோனா மிஸ் மீ', ஸ்பேட்ஸ் என்ற வேறொரு குழுவின் பெயரிலும் அகப்படுகிறது, பாடுகிற குரல் மட்டும் அதே குரல். பழைய இசைத்தட்டு விற்கிற இடத்துக்குப் போனால் அந்தப் பாட்டு நான்கு வெவ்வேறு லேபிள்களில், அதாவது நான்கு இசைத்தட்டுக் கம்பெனிகளின் முத்திரையில், இருக்கிறது.

எது முதலில் வந்தது, எது எதன் நகல் என்பதைப் புரிந்துகொள்ள, 1960களில் அமெரிக்காவின் ஒரு மாநில அளவிலான ராக் குழுவின் பாட்டு எப்படிப் பதிவாகி, யார் கைக்கு மாறி, எப்படிக் கடைக்கு வந்தது என்று தெரிந்தால் போதும். அடிப்படையிலிருந்து போகலாம்.

முதலில் சில சொற்கள்

1. கேரேஜ் ராக்: பீட்டில்ஸ் 1964இல் அமெரிக்கா வந்த பிறகு ஊருக்கு ஊர் பள்ளி, கல்லூரிப் பையன்கள் கிதாரும் டிரம்ஸும் வாங்கி, வீட்டுக் கார் கொட்டகையில் பயிற்சி செய்து, ஒன்றோ இரண்டோ தட்டு வெளியிட்டுக் காணாமல்போனார்கள். அந்த முரட்டு இசைக்குப் பின்னாளில் வைத்த பெயர் இது. அப்போது யாரும் தங்களைக் கேரேஜ் பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பழைய சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளை) லென்னி கே என்பவர் தொகுத்து, 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் 'நகெட்ஸ்' என்று வெளியிட்ட இரட்டை ஆல்பம்தான் இந்த வகையை மறுபடி கவனிக்கவைத்தது. எலிவேட்டர்ஸ் பாட்டும் அதில் இருக்கிறது.

2. சைக்கெடெலிக்: எல்எஸ்டி போன்ற மருந்துகள் மனத்தில் ஏற்படுத்தும் விளைவைக் குறிக்க ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1950களில் உருவாக்கிய சொல். இசைக்குப் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தின் தலைப்பில் இந்தச் சொல்லை முதலில் போட்டது யார் என்று சண்டையே நடக்கிறது. எலிவேட்டர்ஸ், நியூயார்க்கின் புளூஸ் மகூஸ், தி டீப் என்ற குழு, மூன்று பேருடைய ஆல்பமும் 1966இன் கடைசி மாதங்களில் வந்தவை. முதலிடம் யாருக்கு என்று அடித்துக்கொள்வதில் பெரிய பயன் இருப்பதாகத் தெரியவில்லை.

3. மாஸ்டர்: ஸ்டுடியோவில் இறுதியாகத் தயாரான டேப். இது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தட்டு அடிக்க முடியும். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசிக் குழப்பம் இந்த ஒரு பொருளின் பயணத்தால் வந்தது.

4. மிக்ஸ்: தனித்தனித் தடங்களில் பதிந்த குரல், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றையும் எந்த அளவில், எந்தப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்து ஒன்றாக்குவது. ஒரே பதிவுக்குப் பல மிக்ஸ் இருக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பதிவு வேறு, மிக்ஸ் வேறு.

இரண்டு குழு, ஒரு பாடகர்

ரோக்கி எரிக்சன் 1947இல் பிறந்தவர், டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் வளர்ந்தவர். 1965இல் பள்ளிப் படிப்பு முடிய ஒரு மாதமே இருக்கும்போது, முடி வெட்டச் சொன்னதற்கு மறுத்துப் பள்ளியை விட்டே வந்துவிட்டார். அதே ஆண்டில் ஸ்பேட்ஸ் என்ற உள்ளூர்க் குழுவில் சேர்ந்து, தான் எழுதிய 'யூ ஆர் கோனா மிஸ் மீ' பாட்டை ஜீரோ என்ற சின்ன லேபிளுக்குப் பதிவு செய்தார். இதுதான் நான்கு லேபிள்களில் முதலாவது. மறுபக்கத்தில் 'வீ செல் சோல்'. அந்த மெட்டுதான் பின்னால் வேறு வரிகளோடு எலிவேட்டர்ஸ் முதல் ஆல்பத்தில் 'டோன்ட் ஃபால் டவுன்' என்று வருகிறது.

இன்னொரு பக்கம் லிங்ஸ்மென் என்ற குழு டெக்சஸ் கடற்கரை ஊரான போர்ட் அரான்சஸில் வாசித்துக்கொண்டிருந்தது. கிதாரில் ஸ்டேசி சதர்லாண்ட், டிரம்ஸில் ஜான் ஐக் வால்டன், பேஸ் கிதாரில் பென்னி தர்மன். டாமி ஹால் என்பவர் இந்த மூவரையும் ரோக்கியையும் சேர்த்துவைத்து 1965 இறுதியில் எலிவேட்டர்ஸைத் தொடங்கினார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்த டாமி ஹாலுக்குக் கிதாரும் வராது, டிரம்ஸும் வராது. அவருக்கு இருந்தது ஒரு கொள்கையும் ஒரு ஜாடியும். எல்எஸ்டி மூலம் மனிதர்கள் சிந்திக்கிற முறையையே மாற்றலாம், அதற்கு ராக் இசை வாகனம் என்பது அந்தக் கொள்கை. ஜாடிக்குப் பிறகு வருகிறேன்.

ஆக, ஸ்பேட்ஸ் பதிவும் எலிவேட்டர்ஸ் பதிவும் ஒரே பாட்டின் இரண்டு தனித்தனிப் பதிவுகள். ஸ்பேட்ஸ் பதிவில் ஜாடி இல்லை, நேரடியான, கொஞ்சம் அவசரமான கேரேஜ் பாட்டு அது. ரோக்கியின் அலறல் மட்டும் அப்போதே முழுசாக இருக்கிறது.

ஹூஸ்டனில் ஒரு பதிவு, மூன்று முத்திரை

1966 ஜனவரி தொடக்கத்தில், குழு தொடங்கி இரண்டு மாதம்கூட முழுசாக ஆகாத நிலையில், ஹூஸ்டன் நகரில் வால்ட் ஆண்ட்ரஸ் என்பவரின் ஸ்டுடியோவில் இதே பாட்டை மறுபடி பதிந்தார்கள். இன்றைக்கு எல்லாரும் கேட்பது இந்தப் பதிவைத்தான். அது நடந்த பாதை இது:

1. கார்டன் பைனம் என்ற ஹூஸ்டன்காரர் தன்னுடைய கான்டாக்ட் லேபிளில் அதை வெளியிட்டார். மறுபக்கம் 'டிரைட் டு ஹைட்'. விற்பனை டெக்சஸுக்குள்தான். சின்ன லேபிளுக்கு நாடு முழுக்க சரக்கு அனுப்ப விநியோகஸ்தர்களும் கிடையாது, நிறைய அடித்துக் குவிக்கக் காசும் கிடையாது.

2. பாட்டு உள்ளூர் வானொலியில் பிடித்துக்கொண்டதும் ஹன்னா-பார்பெரா ரெக்கார்ட்ஸ் அதை எடுத்து வெளியிட்டது. ஆமாம், ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தயாரித்த அதே ஹன்னா-பார்பெராதான், அவர்கள் அப்போது இசைத்தட்டுக் கம்பெனியும் வைத்திருந்தார்கள். எல்எஸ்டியால் ஞானம் பெறலாம் என்று பாடவந்த குழுவின் தட்டு, குழந்தைகளுக்கான கார்ட்டூன் கம்பெனியின் முத்திரையோடு கடைக்கு வந்தது அந்த வியாபாரம் எவ்வளவு கண்மூடித்தனமாக நடந்தது என்பதற்கு நல்ல அடையாளம்.

3. அப்புறம் ஹூஸ்டனிலேயே இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற லேபிள் குழுவையும் மாஸ்டரையும் சேர்த்து வளைத்துக்கொண்டது. பெயரில்தான் சர்வதேசம், நடத்தியவர்கள் உள்ளூர் ஆட்கள். அவர்கள் வெளியிட்ட 107ஆம் எண் சிங்கிள்தான் தேசிய அளவில் ஓடியது.

இந்த மூன்றிலும் இருப்பது ஒரே பதிவு. லேபிள் மாறியதால் பாட்டு மாறிவிடவில்லை. பழைய தட்டு சேகரிப்பவர்கள் கான்டாக்ட் பிரதிக்கு அதிக விலை கொடுப்பது அது முதலில் வந்தது, குறைவாக அடிக்கப்பட்டது என்பதால்தான், அதில் வேறு ஏதோ பாட்டு ஒளிந்திருப்பதால் இல்லை. சத்தத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். ஒரு லேபிளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது டேப்பை நகலெடுப்பார்கள், ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், மேல்ஸ்தாயி விவரம் கொஞ்சம் மழுங்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து தேய்கிற மாதிரி.

நாடு முழுக்க ஓடிய பாட்டு ஏன் 55இல் நின்றது?

அமெரிக்காவின் வாராந்திரப் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இந்தப் பாட்டு எட்டிய உச்சம் 55ஆம் இடம், 1966இல். இவ்வளவு பேசப்படுகிற பாட்டுக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு வாரத்தில் நாடு முழுக்க நடப்பதைக் கூட்டிச் சொல்கிற பட்டியல். பெரிய கம்பெனி ஒரு பாட்டை எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் இறக்கும், எண்ணிக்கை குவிந்து மேலே போகும். சின்ன லேபிள் பாட்டு ஓர் ஊரில் ஓடி முடிந்த பிறகுதான் அடுத்த ஊர் வானொலிக்குப் போய்ச் சேரும். டெக்சஸில் பழசாகிவிட்ட சமயத்தில் வேறு மாநிலத்தில் புதுப்பாட்டாக ஒலிக்கும். மொத்த விற்பனை நன்றாகவே இருந்தாலும் எந்த ஒரு வாரத்திலும் அது குவியாது. அந்தக் காலக் கேரேஜ் சிங்கிள்கள் பலவற்றுக்கும் இதே கதிதான், பட்டியல் எண்ணை வைத்து அவற்றின் செல்வாக்கை அளக்க முடியாது.

எலிவேட்டர்ஸுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. கான்டாக்ட் தட்டு வெளியான அதே ஜனவரிக் கடைசியில் ஆஸ்டின் போலீஸ் குழுவினரைக் கஞ்சா வழக்கில் பிடித்தது. டெக்சஸில் அப்போது கொஞ்சம் கஞ்சாவுக்கே பல வருஷம் சிறை. வழக்கு தலைக்கு மேல் தொங்கியதால் மாநிலத்தை விட்டு வெளியே போக முடியவில்லை, 1966 ஆகஸ்டு வாக்கில்தான் கலிஃபோர்னியா போய் வாசிக்க ஆரம்பித்தார்கள். பாட்டு சூடாக இருந்த மாதங்களில் பாட்டுக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த 'டுகுடுகு' சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதன்முறை கேட்கிற எவரும் கேட்கிற கேள்வி இது. பாட்டு முழுக்க, கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பின்னால், புறா கூவுவது போலவும் தண்ணீர் கொப்பளிப்பது போலவும் ஒரு சத்தம் விடாமல் ஓடுகிறது. சிலர் இதை ஏதோ மின்னணுக் கருவி என்று நினைக்கிறார்கள். அது டாமி ஹாலின் ஜாடி.

ஜாடி என்றதும் நமக்குக் கடம் ஞாபகம் வரும். இதைத் தட்டி வாசிப்பதில்லை. அமெரிக்கத் தெற்கில், குறிப்பாக 1920களின் மெம்ஃபிஸில், ஜாடிக்குள் உதட்டால் ஊதி, பேஸ் வாத்தியம் வாங்கக் காசில்லாத குறையைத் தீர்த்துக்கொண்ட குழுக்கள் உண்டு, ஜக் பேண்ட் என்று பெயர். டாமி ஹால் செய்தது அதுவும் இல்லை. ஜாடியை வாயருகே பிடித்து, மைக்கை ஜாடியின் வாயை ஒட்டி வைத்து, தொண்டையாலும் நாக்காலும் வேகமாகக் குரலெழுப்பினார். ஜாடி அந்தக் குரலுக்கு ஓர் எதிரொலி அறையாக வேலை செய்தது. அதனால்தான் அதில் சுருதி இருக்கிறது, ஏறி இறங்குகிறது, பாடுகிறவர் அழுத்துகிற இடத்தில் தானும் அழுத்துகிறது. 'எலெக்ட்ரிக் ஜக்' என்று அட்டையில் போட்டார்கள், மின்சாரம் என்று பார்த்தால் மைக் மட்டும்தான்.

இது பதிவுகளின் குழப்பத்தோடு எப்படிச் சேர்கிறது என்றால், இந்த ஜாடியை எங்கே வைப்பது என்பது மிக்ஸ் செய்கிறவர் கையில் இருக்கிறது. மிக்ஸில் கொஞ்சம் ஏற்றினால் பாட்டையே மூடிவிடும், இறக்கினால் பின்னணிச் சலசலப்பாகிவிடும். குழுவிலேயே எல்லாருக்கும் அந்த ஜாடி பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. கேட்கிறவர்களும் அப்படியே இரண்டு கட்சி. என்னைக் கேட்டால், முதல் மூன்று பாட்டில் எரிச்சலாக இருக்கும், நான்காவதில் அது இல்லாத பாட்டு மொட்டையாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

முதல் ஆல்பம்: முதல் பாட்டு மட்டும் ஏன் தனியாக ஒலிக்கிறது

'தி சைக்கெடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' 1966 இலையுதிர் காலத்தில் வந்தது, இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸின் முதல் எல்பி (முழு ஆல்பத் தட்டு) அது. தயாரிப்பாளராகப் பெயர் போட்டுக்கொண்டவர் லெலன் ராஜர்ஸ், பாடகர் கென்னி ராஜர்ஸின் அண்ணன். பதிவு பெரும்பாலும் அக்டோபரில், டாலஸ் நகர் சுமெட் ஸ்டுடியோவில், சில நாள்களில் அவசரமாக முடிந்தது.

ஆனால் ஆல்பத்தைத் திறக்கிற பாட்டு, ஜனவரியில் ஹூஸ்டனில் பதிந்த அதே சிங்கிள். அதில் பேஸ் வாசிப்பது பென்னி தர்மன். அடுத்த பாட்டு தொடங்கும்போது பேஸில் இருப்பது ரானி லெதர்மன், இடையில் தர்மன் குழுவை விட்டுப் போய்விட்டார். வேறு ஊர், வேறு அறை, வேறு ஆள், ஒன்பது மாத இடைவெளி. காதில் அது தெரியத்தான் செய்யும். ஹிட் பாட்டை முதலில் வைத்தால்தான் ஆல்பம் விற்கும் என்பது அன்றைய வியாபாரக் கணக்கு. சிங்கிளின் மறுபக்கமான 'டிரைட் டு ஹைட்' இதற்கு நேர்மாறு. ஆல்பத்தில் இருப்பது புதிதாகப் பதிந்தது, ஆக அந்தப் பாட்டுக்கு எலிவேட்டர்ஸே செய்த இரண்டு ஸ்டுடியோப் பதிவுகள்.

பவல் செயின்ட் ஜான் என்ற ஆஸ்டின் நண்பர் எழுதிய சில பாட்டுகளும் இதில் உண்டு. டாமியின் மனைவி கிளமென்டைன் ஹால் ரோக்கியோடு சேர்ந்து எழுதிய 'ஸ்பிளாஷ் 1' மெதுவான பாட்டு, சத்தம் பிடிக்காதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

சரி, மோனோவா ஸ்டீரியோவா? 1966இல் பாட்டைப் பரப்பியது ஏஎம் வானொலி, அது மோனோ. பையன்களும் பெண்களும் வீட்டில் வைத்திருந்த பிளேயரும் பெரும்பாலும் மோனோதான். அதனால் ஸ்டுடியோவில் கவனம் மோனோ மிக்ஸுக்குப் போகும், ஸ்டீரியோவைக் கடமைக்குச் செய்வார்கள். மூன்று அல்லது நான்கு தடங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டீரியோ செய்தால் ஒரு தடத்தை முழுசாக இடப்பக்கம், இன்னொன்றை முழுசாக வலப்பக்கம் தள்ளுவதைத் தவிர அதிகம் செய்ய முடியாது. ஹெட்போனில் கேட்டால் டிரம்ஸ் ஒரு காதில், கிதார் மறு காதில் என்று குழு இரண்டாகப் பிளந்து நிற்கும். சதர்லாண்டின் கிதாருக்கு ரீவெர்ப் (எதிரொலிபோல நீளும் ஒலி) அதிகம், எல்லாம் ஒரே இடத்திலிருந்து மோதிக்கொண்டு வரும்போதுதான் அந்தப் புகைமூட்டம் உருவாகும்.

1968 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் மோனோ எல்பியையே நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு வந்த மறுவெளியீடுகள் பெரும்பாலும் ஸ்டீரியோவைத்தான் எடுத்துக்கொண்டன. இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1970 வாக்கில் மூடப்பட்டு டேப்புகள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒரு தலைமுறை முழுக்க இந்த ஆல்பம் சத்தம் குறைந்து, சோகையாக ஒலிக்கும் ஆல்பம் என்றே நினைத்தது. 2009இல் சார்லி நிறுவனம் வெளியிட்ட 10 சிடி பெட்டியில்தான் மோனோ மிக்ஸ் ஒழுங்காக மறுபடி வந்தது.

கைதட்டல் ஒட்டிய ஆல்பம்

1968 ஆகஸ்டில் 'லைவ்' வந்தது. அந்தச் சமயத்தில் குழு உடைந்துகொண்டிருந்தது. ரோக்கியின் மனநலம் குலைந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், டிரம்ஸுக்கும் பேஸுக்கும் வேறு ஆள்கள் வந்திருந்தார்கள். கடைக்குச் சரக்கு வேண்டும், புதுப் பதிவு கையில் இல்லை. லேபிள் கிடங்கிலிருந்த பழைய, வெளிவராத ஸ்டுடியோ டேப்புகளை எடுத்து, மேலே கூட்டத்தின் ஆரவாரத்தை ஒட்டி, கச்சேரி என்று விற்றது. இப்படிப் பதிந்த ஒலியின் மேல் இன்னொரு ஒலியைச் சேர்ப்பதற்கு ஓவர்டப் என்று பெயர். சாதாரணமாகக் கோரஸ் குரலோ இன்னொரு கிதாரோ சேர்க்கப் பயன்படும் உத்தி அது.

காது வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். நிஜக் கச்சேரியில் பாட்டு தொடங்கினால் கூட்டச் சத்தம் மைக்குகள் வழியாகப் பாட்டோடு கலந்து கிடக்கும், மேடையும் கூட்டமும் ஒரே அறையில் இருக்கும். இங்கே கைதட்டல் ஓர் அறையில், குழு வேறோர் அறையில். பாட்டுக்குள் கைதட்டல் மேலே எழுந்து அடங்குகிறது, பாடுகிறவர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

பாட்டுப் பட்டியலும் காட்டிக்கொடுக்கிறது. போ டிட்லி, பட்டி ஹாலி, சாலமன் பர்க் பாடிப் பிரபலமான பாட்டுகள் அதில் இருக்கின்றன. 1966 தொடக்கத்தில் ஆஸ்டின் கிளப்பில் ஆட வந்தவர்களுக்காக எந்தக் குழுவும் வாசித்த சரக்கு அது. 1967இல் 'ஈஸ்டர் எவ்ரிவேர்' ஆல்பத்தில் எட்டு நிமிடப் பாட்டோடு ஆரம்பித்த குழு, 1968இல் திரும்பப் போய் இதை வாசித்திருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

உண்மையான நேரடிப் பதிவுகளும் உண்டு. ஆஸ்டினின் நியூ ஆர்லியன்ஸ் கிளப்பிலிருந்து காஸ்-எஃப்எம் வானொலி 1966இல் ஒலிபரப்பியது, அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் பதிந்தது, இரண்டும் பல பெயர்களில் வெளிவந்திருக்கின்றன. ஒலித்தரம் சுமார், ஆனால் ஜாடி அங்கே மேடையில் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள இவைதான் வழி.

வேடிக்கை என்னவென்றால், ஏமாற்று வேலையான அந்த 'லைவ்' ஆல்பம்தான் ரொம்ப காலத்துக்கு இந்தக் குழுவின் மிக முந்தைய பதிவுகள் சிலவற்றைக் கேட்கக் கிடைத்த ஒரே இடம். கான்டாக்ட் நாள்களில், 1966 தொடக்கத்தில், சிங்கிளோடு சேர்த்து வேறு பாட்டுகளும் பதிந்திருந்தார்கள். அவை வெளிவராமல் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் கிடங்குக்குப் போய், இரண்டு வருஷம் கழித்துக் கைதட்டலுக்கு அடியில் புதைந்து வெளியே வந்தன. 'யூ கான்ட் ஹர்ட் மீ எனிமோர்' அப்படிப்பட்ட ஒன்று. 2009 பெட்டிக்குப் பிறகு சார்லி இந்தப் பதிவுகளை 'ஹெட்ஸ்டோன்: தி கான்டாக்ட் செஷன்ஸ்' என்று தனியாக, கைதட்டல் இல்லாமல் வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள், அதே குரல், அதே கிதார், கூட்டம் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டிருக்கும்.